கல்லீரல் கதிர்மணிச் சிகிச்சை: பயம் ஓரிடம், ஆபத்து வேறிடம்

ஈரோட்டிலிருந்தும் கரூரிலிருந்தும் கல்லீரல் புற்றுநோய்க்காகக் கோவைக்கு வரும் குடும்பத்தார், யிட்ரியம் 90 சிகிச்சை, அதாவது கதிரியக்கப் பொருள் ஏற்றிய நுண்ணிய மணிகளை ரத்தக்குழாய் வழியே கட்டிக்குச் செலுத்தும் சிகிச்சை, என்றவுடன் முதலில் கேட்பது, வீட்டில் குழந்தை இருக்கிறதே, அருகில் விடலாமா என்பதுதான். கேள்வி நியாயமானதே; ஆனால் கவலை முழுவதையும் அங்கேயே செலவழித்துவிடுவது தவறு. இந்த மணிகள் வெளிவிடும் பீட்டா கதிர் திசுவுக்குள் சராசரியாக 2.5 மில்லிமீட்டர், மிஞ்சினால் 11 மில்லிமீட்டர் வரைதான் செல்லும்; ஏறத்தாழ 64 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். மருத்துவர் குறிப்பிடும் சில நாள்களுக்குக் குழந்தையை மடியில் வைக்காமலும், கர்ப்பிணிகளின் அருகே நெடுநேரம் அமராமலும் இருந்தால் போதும். தோட்டத்துச் சாளையில் தனியே படுக்கவைத்துத் தட்டையும் தம்ளரையும் ஒதுக்குவதால் நோயாளியின் மனம்தான் நோகும்.

ஆபத்து இருப்பது மணிகள் வழிதவறுவதில். புற்றுக்கட்டி பெரும்பாலும் கல்லீரல் தமனியிலிருந்தும், நல்ல திசு பெரும்பாலும் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையிலிருந்தும் ரத்தம் பெறுவதால்தான், தமனி வழியே விடப்படும் மணிகள் கட்டியில் போய்த் தங்குகின்றன. எந்த மடை எந்த வயலுக்குப் பாய்கிறது என்று பார்க்காமல் கீழ்பவானிப் பாசனக்காரர் யாரும் தண்ணீர் திறப்பதில்லை. முன்கூட்டியே ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோவும், டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் ஏற்றிய புரதத் துகளைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேனும் அந்த மடை பார்க்கும் வேலையே. "இரண்டு முறை எதற்கு, ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்" என்று வற்புறுத்துவது பெரிய தவறு. மணிகள் இரைப்பைக்குப் போனால் எளிதில் ஆறாத புண்ணும், நுரையீரலுக்கு அதிகமாகக் கசிந்தால் அழற்சியும் வரும்.

ரத்தம் உறையாமல் இருக்க உண்ணும் மாத்திரை, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரைக்கான மருந்து ஆகியவற்றை மறைக்கக் கூடாது. பித்தநாளத்தில் முன்பே ஸ்டென்ட் (அடைப்பு நீக்கும் சிறு குழாய்) வைத்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அத்தகையோருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி உண்டாகும் வாய்ப்பு கூடுதல்.

சிகிச்சைக்குப் பின் சில நாள் சோர்வும் குமட்டலும் இருப்பது வழக்கம். ஆனால் 4 முதல் 8 வாரத்துக்குள் கண் மஞ்சளானாலோ வயிறு வீங்கினாலோ, அது எஞ்சிய கல்லீரல் கதிரால் தளர்வதன் அறிகுறியாக இருக்கலாம். நம் பக்கத்தில் அப்போது கை முதலில் போவது கீழாநெல்லிக்கு; அதில் கழியும் ஒரு வாரம் விலை உயர்ந்தது. மஞ்சள் விளையும் சீமையில் இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும், மஞ்சள் சத்து மாத்திரைகளாலும் சிலருக்குக் கல்லீரல் பழுதாகியிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தக் கவலை இல்லை.