சிங்கப்பூர் நண்பர் வீட்டிலிருந்து ஊர் திரும்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போகும்போது எல்லாவற்றையும் பத்து முறை சரிபார்ப்போம். விசா, டிக்கெட், நண்பருக்கு முறுக்கு, அவர் பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய். திரும்பும்போது அந்தக் கவனம் இருக்காது. நம்ம ஊருக்குத்தானே போகிறோம் என்கிற நினைப்பு. போதாததற்குக் கடைசி நாள் விருந்து, விடிய விடியப் பேச்சு, நடுவில் முஸ்தபா கடைக்கு ஓர் ஓட்டம். சாங்கி விமான நிலையத்தில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை முந்தைய இரவு நண்பர் வீட்டு ஹாலில் உருவானவை என்பேன்.

முதலில் பார்சல். "மச்சான், இதை மட்டும் எங்கம்மாகிட்ட குடுத்துருடா" என்று நண்பர் நீட்டுவார். அதில் தப்பில்லை, அவரை உங்களுக்குத் தெரியும், பிரித்துப் பார்த்து நீங்களே பெட்டியில் வைக்கலாம். சிக்கல் அடுத்ததில்தான். அவர் அறைத் தோழர், அந்தத் தோழரின் கம்பெனி நண்பர் என்று டேப் சுற்றிய பொட்டலங்கள் வந்து சேரும். பிரிக்கச் சொன்னால் மனம் கோணுமே என்று அப்படியே வாங்கி வைத்துவிடுவோம். இதை மட்டும் செய்யவே கூடாது. சிங்கப்பூரின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, உங்கள் கைவசம் உள்ள பெட்டியில் அந்தப் பொருள் இருந்தால் அதுவும் உங்கள் கைவசம் இருந்ததாகவே கொள்ளப்படும். "எனக்குத் தெரியாது" என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். குறிப்பிட்ட அளவுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை இருக்கும் நாடு அது. இங்கே நேரடியாகச் சொல்வதுதான் மரியாதை: "பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் எடுத்துட்டுப் போவேன்." கோபித்துக்கொள்பவரின் பொட்டலம் அங்கேயே இருக்கட்டும்.

தங்கமும் இப்படித்தான் வரும். "போட்டுக்கிட்டுப் போ, யாரு கேக்கப் போறா" என்பார்கள். திருச்சி சுங்க அதிகாரிகள் கேட்பார்கள். இந்த வழித்தடத்தில் தங்கம் பிடிபடுவது அவர்களுக்கு அன்றாட வேலை. நகைக்கென்று உள்ள தனிச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புபவருக்குத்தான், பத்து நாள் சுற்றிப் பார்க்கப் போனவருக்கு இல்லை. தங்கக் காசும் பிஸ்கட்டும் வரியில்லா வரம்புக்குள் வரவே வராது. கையில் இருந்தால், வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் நகைக்காகப் பச்சை வழியில் நெஞ்சு படபடக்க நடக்க வேண்டிய அவசியம் நமக்கு என்ன?

அடுத்தது எடை. மலிவு விலை டிக்கெட்டுகளில் போகும் பயணத்துக்கும் திரும்பும் பயணத்துக்கும் பெட்டி எடை தனித்தனிக் கணக்கு. போகும்போது 20 கிலோ வாங்கியதால் திரும்பும்போதும் இருக்கும் என்று நம்பி கவுண்டரில் நின்றவர்கள் உண்டு. அங்கே கட்டும் காசில் இன்னொரு பெட்டியே வாங்கலாம். முன்கூட்டியே இணையத்தில் கூடுதல் எடை வாங்கினால் செலவு குறைவு. கைப்பை எடையும் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் வேறு: ஸ்கூட்டில் 10 கிலோ, இந்திய நிறுவனங்களில் பொதுவாக 7 கிலோ.

எதை எந்தப் பையில் வைப்பது என்பதிலும் தடுமாறுவோம். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துச் செய்யும் காயா ஜாம் பாட்டில் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில்தான் வரும். 100 மில்லிக்கு மேல் என்றால் கைப்பையில் போகாது. ஊரில் எல்லோருக்கும் கொடுக்க வாங்கும் கோடாலித் தைலத்தை பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பெரிய பெட்டியில் வையுங்கள். ஒரு பாட்டில் கசிந்தாலும் வீட்டுக்கு வந்து திறக்கும்போது புதுச் சேலையெல்லாம் தைல வாசம். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு, அது கைப்பையில் மட்டும்தான் வர வேண்டும். ஸ்கூட்டில் 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் தடை. இன்னொன்று: சாங்கியின் 1, 2, 3 முனையங்களில் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான் நடக்கும். குடியேற்றப் பகுதியைத் தாண்டிவிட்டோமே என்று உள்ளே நிரப்பிய தண்ணீர் பாட்டிலையும் அங்கே காலி செய்ய வேண்டும்.

ஜிஎஸ்டி பணத்தைக் கோட்டை விடுபவர்கள் ஏராளம். சுற்றுலாப் பயணி, வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் உள்ள கடையில் குறைந்தது 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினால் வரியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் வாங்கும்போதே உங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டியிருக்க வேண்டும். "நான் தர்றேன்டா" என்று அங்கே வேலை பார்க்கும் நண்பர் தன் பெயரில் வாங்கிய பில்லுக்கு ஒரு காசும் வராது. பெரிய பெட்டியில் போகும் பொருளென்றால் பெட்டியைப் போடுவதற்கு முன்பே இயந்திரத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெட்டி போன பிறகு, பொருளைக் காட்டு என்றால் எதைக் காட்டுவது?

விசாவில் எழுதியிருக்கும் தேதியை, தங்க அனுமதித்த கடைசி நாள் என்று நினைப்பதும் தவறு. நுழையும்போது மின்னஞ்சலில் வரும் அனுமதிச் சீட்டில் உள்ள தேதிதான் கணக்கு. நண்பர் "இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போ" என்று கையைப் பிடித்து இழுக்கும்போது அதை எடுத்துப் பாருங்கள்.

நள்ளிரவு விமானம் இன்னொரு பொறி. டிக்கெட்டில் 14ஆம் தேதி 00:30 என்றிருந்தால் 13ஆம் தேதி இரவே சாங்கியில் இருக்க வேண்டும். 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். விடிகாலை விமானம் என்றால் எம்ஆர்டி ரயிலை நம்பாதீர்கள், நள்ளிரவுக்குப் பின் அது ஓடாது. டாக்சிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

திருச்சியில் இறங்கி மதுரைப் பக்கம் போகிறவர்கள் பழைய பழக்கத்தில் மத்தியப் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டாம். 2025இல் வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூரில் உள்ள புதிய பேருந்து முனையத்துக்கு மாறிவிட்டன.

அழைத்துப் போக வருபவரிடம் நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஆனால் டிக்கெட்டில் இறங்கும் நேரம் ஏற்கெனவே இந்திய நேரத்தில்தான் இருக்கும். புத்திசாலித்தனமாக நான் அதிலிருந்தும் இரண்டரையைக் கழித்துச் சொல்லிவிட்டேன். அப்பா ஏழு மணிக்கே வந்து நின்றிருக்கிறார். நான் வெளியே வந்தது பத்துக்கு. "எத்தனை டீப்பா குடிச்சீங்க?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.