அபூர்வமான கேஸ் கிடைத்துவிட்டதா? நோயாளி வீட்டுக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

ராத்திரி டியூட்டி. குடல்வால் அழற்சி என்று வயிற்றைத் திறந்தால் குடல்வால் எந்தப் பழுதும் இல்லாமல் சமத்தாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளி சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரு ஓட்டை, அதில் துருத்திக்கொண்டு ஒரு மீன் முள். தியேட்டரில் இருக்கிற எல்லோரும் செல்போனை எடுப்பார்கள், யூனிட் சீஃப் “பப்ளிஷ் பண்ணிடுப்பா” என்று சொல்லிவிட்டு கையுறையைக் கழற்றிப் போட்டுப் போவார். வட சென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் பிஜியாக (மேற்படிப்பு டாக்டராக) இருந்தபோது எனக்கு இது அப்படியே நடந்தது. நான் செய்த முட்டாள்தனம், அந்த ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவ ஜர்னலுக்குக் கட்டுரை (கேஸ் ரிப்போர்ட்) எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது.

இரண்டு மாதம் கழித்து உட்கார்ந்தால் ஒப்புதல் படிவம் இல்லை. கேஸ் ஷீட்டில் இருந்த போன் நம்பர் பக்கத்து வீட்டுக்காரருடையது. நோயாளி மீனவர், அவரைத் தேடி காசிமேட்டுக்கு ஆட்டோவில் மூன்று முறை போனேன், ஆள் விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார், திரும்பப் பத்து நாள் ஆகும் என்றார்கள். மீன்பிடித் தடைக்காலமாக இருந்தால், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, ஆள் கரையில் இருப்பார், நான் போனதோ ஆகஸ்டில். அதனால் ஒப்புதலை டிஸ்சார்ஜுக்கு முன்பே வாங்குங்கள், இரண்டு போன் நம்பர் வாங்குங்கள், மறுபடி எப்போது வரமுடியும் என்று அவர் தொழிலைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆபரேஷனுக்கு வாங்கிய கையெழுத்து இதற்குச் செல்லாது. வெளியிடுவதற்குத் தனிப் படிவம், தமிழில். படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டி, சாட்சி வைத்து, கைநாட்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர், நோயாளி இறந்துவிட்டால் நெருங்கிய உறவினர். கடைசியில் அந்த மீனவர் பிடிபட்ட அன்று என்னிடம் கேட்டது: “இன்னா சார், என் ஃபோட்டோ பேப்பர்ல வருமா?” முகம் வராதுண்ணா, முள்ளும் ஸ்கேனும்தான் வரும், இதற்குப் பணம் கிடையாது, வெளிவந்த பிறகு திரும்ப எடுக்க முடியாது என்று சொன்னேன். இந்த நான்கையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மருத்துவமனையின் எதிக்ஸ் கமிட்டியிலும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரே ஒரு கேஸ்தான் என்றாலும் நிறைய ஜர்னல்கள் கமிட்டி கடிதம் கேட்கும். கேஸை எழுதுவதோடு நிற்காமல் நோயாளிகளிடம் ஒரு சிகிச்சையைச் செய்து பார்க்கும் ஆய்வு என்றால் விஷயமே வேறு, முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐயில் (இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளைப் பதியும் பதிவேடு) பதிய வேண்டும்.

அடையாளம்தான் பெரிய தலைவலி. கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டால் போதும் என்று இன்னும் நினைக்கிறார்கள். போதாது. ஸ்கேன் ஃபிலிமின் மூலையில் பெயர், வயது, ஐபி நம்பர் (உள்நோயாளி எண்), தேதி எல்லாம் இருக்கும், வெட்டி எடுங்கள். “காசிமேட்டைச் சேர்ந்த மீனவர்” என்று எழுதினால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அதற்காக ஊரையோ வயதையோ மாற்றிப் பொய்யாக எழுதக் கூடாது, தேவையில்லாததை எழுதாமல் விடலாம். நான் “நடுத்தர வயது ஆண்” என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

படம் எடுக்கும்போது பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள், கீழே ரத்தமில்லாத பச்சைத் துணி. மயக்கவியல் கேஸ் என்றால் அனஸ்தீசியா சார்ட்டை அன்றைக்கே பிரதி எடுங்கள்: எத்தனை நிமிடத்தில் என்ன மருந்து, எவ்வளவு, அப்போது கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு, உடல் சூடு எவ்வளவு. மறுநாள் ஞாபகத்திலிருந்து எழுதும் நேரக்கணக்கு எப்போதும் நமக்குச் சாதகமாகவே இருக்கும்!

அப்புறம்தான் தேடல். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் தேடினால் மீன் முள் குடலைத் துளைத்த கேஸ்கள் ஏராளம். எனக்கு முகம் தொங்கிப்போனது. அபூர்வம் என்பது மட்டும் போதாது, அடுத்து இதைப் பார்க்கப்போகும் டாக்டர் எதை வேறு மாதிரி செய்வார் என்பதற்கு ஒரு வரி பதில் வேண்டும். 1960இல் மெல்பர்னில் டென்பரோ, லவல் என்ற இரண்டு டாக்டர்கள் லான்செட் மருத்துவ ஜர்னலுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கால் உடைந்த ஒரு இளைஞர், அவர் குடும்பத்தில் மயக்க மருந்து கொடுத்தபோது பத்துப் பேர் இறந்திருந்தார்கள், அதனால் காலைவிட மயக்கத்துக்குத்தான் அதிகம் பயந்தார். சில மயக்க மருந்துகளால் உடல் சூடு ஆபத்தாக ஏறும் மேலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா பரம்பரையாக வருவது தெரிய வந்தது அந்தக் கடிதத்தால்தான். மயக்கத்துக்கு முன் “வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தில் பிரச்சினை வந்ததா” என்று நாம் கேட்பதற்குப் பின்னால் அந்தக் குடும்பமும் இருக்கிறது.

என் கேஸில் பதில் சிடி ஸ்கேனில் இருந்தது. ஆபரேஷனுக்கு முன் எடுத்ததை மறுபடி போட்டுப் பார்த்தோம், மெல்லிய வெள்ளைக் கோடு அங்கேயே இருந்தது, ரத்தக்குழாய் என்று தாண்டிப் போயிருந்தோம். முள் விழுங்கியது நோயாளிக்கு ஞாபகமே இருக்காது, சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. மீன் சாப்பிடும் ஊரில் அந்தக் கோட்டைத் தேடிப் பார்க்கணும், அவ்வளவுதான் என் கட்டுரை. தவறவிட்டதை மறைக்காமல் எழுதினேன், சீஃப் முதலில் முகம் சுளித்தார், பிறகு ஒத்துக்கொண்டார்.

எழுதும்போது கேஸ் ரிப்போர்ட்டுகளுக்காக 2013இல் வந்த கேர் (CARE) வழிகாட்டியின் 13 அம்சப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாள்வாரி அட்டவணை முதலில், கேஸ் அடுத்தது, விவாதம் பிறகு, சுருக்கமும் தலைப்பும் கடைசியில். விவாதத்தில் பாடப்புத்தகத்தைக் கொட்டாதீர்கள். “உலகிலேயே முதல்” என்று எழுதவே வேண்டாம், “நாங்கள் தேடிய வரை” என்று தேடிய தேதியோடு போடுங்கள். உழைக்காதவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி யாராவது வந்தால், ஜர்னல் இத்தனை பெயருக்கு மேல் விடாது என்று தப்பித்துக்கொள்ளலாம், பல இடங்களில் அது உண்மையும்கூட.

“மதிப்பிற்குரிய டாக்டர், 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொள்கிறோம்” என்று மெயில் வந்தால் அழித்துவிடுங்கள், அது போலி ஜர்னல். ஒரு நேரத்தில் ஒரே ஜர்னல். என்னுடையது முதல் இடத்திலிருந்து திரும்பி வந்தது, அவர்கள் சொன்ன குறைகளைச் சரிசெய்துதான் அடுத்த இடத்துக்கு அனுப்பினேன். அதற்குள் முள் இருந்த ஃபார்மலின் பாட்டிலை யாரோ வார்டு ஷெல்ஃபிலிருந்து தூக்கிப் போட்டிருந்தார்கள். நல்லவேளை, ஸ்கேல் வைத்து எடுத்த படம் கையில் இருந்தது.