மார்கழியில் பனியூர்க் காதல் நாவல் படிப்பது எப்படி?

பனி கொட்டும் ஊரில், பிரிந்த காதலர்கள் கிறிஸ்துமஸில் மறுபடி சேரும் கதைக்குக் காவிரி டெல்டாவில் உகந்த காலம், சம்பா கதிர் முற்றும் மார்கழி. 300 பக்க நாவலை டிசம்பர் 13-ல் தொடங்கி நாளுக்கு 25 பக்கம் படியுங்கள். 24-ம் தேதி இரவு, வேளாங்கண்ணியில் திருப்பலிக்குக் கூட்டம் சேரும்போது கதையும் பண்டிகைக்கு வந்துவிடும்.

முதலில் கதையின் குளிரைப் புரிந்துகொள்ள வேண்டும். தஞ்சாவூர்ப் பனி வயல்மேல் படர்ந்து, வெயில் ஏறியதும் கலைந்துவிடும். கதையின் பனியோ நாள்கணக்கில் கிடந்து சாலையை அடைக்கும். பழைய காதலர்கள் ஒரே வீட்டில் மாட்டிக்கொள்வது அதனால்தான். அமெரிக்க நாவலில் '20 டிகிரி' என்றால் ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 7. இது புரியாவிட்டால் காதலன் தன் கோட்டைக் கழற்றிக் காதலிக்குக் கொடுப்பதன் கனம் தெரியாது. வாசலில் தொங்கும் மிசில்டோ, நம் மாமரத்துப் புல்லுருவிக்கு உறவான செடிதான். அதன்கீழ் நிற்கும் இருவர் முத்தமிடுவது அங்கே வழக்கம்.

பலர் சறுக்குவது பழைய நினைவு அத்தியாயங்களில். அவற்றைத் தாண்டினால் இறுதிச் சேர்க்கை சப்பென்று போகும். ஏன் பிரிந்தார்கள், இப்போது யாரிடம் என்ன மாறியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிவைத்து, மன்னிப்பு வரும் பக்கத்தில் எடுத்துப் பாருங்கள். கைசேராத கடிதம்தான் காரணமென்றால் விளக்கமே போதும். ஒருவர் விட்டுப்போயிருந்தால், அவர் செயலில் மாறியிருக்க வேண்டும்; வண்ணவிளக்கு அந்தக் குறையை மூடாது.

முக்கால் பங்கில் பெரும்பாலும் இன்னொரு பிணக்கு வரும். அன்று மட்டும் 25 பக்கக் கணக்கை விட்டுவிட்டு, அது தீரும்வரை படியுங்கள்.