‘ஐ-ஜி-எச்-டி’ ஆங்கிலச் சொற்கள்: ஸ்பெல்லிங் பிசகாமல் எழுதப் பழகும் முறை

இரவைக் குறிக்கும் ‘நைட்’ என்ற சொல்லை எழுதச் சொன்னால் புதிதாகப் படிப்பவர்களுக்கு மூன்று விதப் பிழை வரும். காதில் விழுந்தபடி என்-ஐ-டி-இ என்று எழுதுவது ஒன்று. ஜி-யும் எச்-சும் முன்பின் மாறுவது இன்னொன்று. கடைசியில் டி-எச் போட்டு முடிப்பது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: ஐ, ஜி, எச், டி நான்கையும் பிரிக்காமல் ஒரே துண்டாக மனதில் ஏற்ற வேண்டும்.

முதல் படி: துண்டு மட்டும்

ஐ-ஜி-எச்-டி என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே பத்து முறை எழுதுங்கள். சேர்ந்து வந்தால் உச்சரிப்பு ‘ஐட்’. ஜி-யும் எச்-சும் ஒலிக்காது. ஒலிக்காத எழுத்து எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள், பதில் சொல்லிவிடுங்கள். பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் தொண்டையை உரசி வரும் ஒலி ஒன்று இருந்தது. ஜெர்மன்காரர்கள் இன்றும் இரவை ‘நாஹ்ட்’ என்கிறார்கள். அந்த ஒலிக்காகப் போட்டதுதான் ஜி-எச். 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கிய காலத்தை ஒட்டி ஒலி தேய்ந்து மறைந்தது. எழுத்து மட்டும் அச்சில் நிலைத்துவிட்டது.

இரண்டாம் படி: முன்னால் எழுத்து சேர்ப்பது

ஒரு அட்டையில் துண்டை எழுதி, இடப்பக்கம் எஃப், எல், எம், என், ஆர், எஸ், டி என்று ஒவ்வொன்றாக வையுங்கள். ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என ஏழு சொல் வந்துவிடும். அடுத்து இரண்டிரண்டு எழுத்து: பி-ஆர் வைத்தால் பிரைட், எஃப்-எல் வைத்தால் ஃப்ளைட், எஸ்-எல் வைத்தால் ஸ்லைட்.

பிறகு கூட்டுச் சொற்கள். பாம்பனிலும் கீழக்கரையிலும் நிற்கிற லைட்ஹவுஸ், இரவு மீன்பிடிப்புக்குப் போகிறவர்கள் சொல்லும் மிட்நைட், வள்ளத்தின் பலகை இடுக்கில் பஞ்சு அடைத்துத் தண்ணீர் புகாமல் செய்தால் வாட்டர்டைட். கண்ணால் பார்க்கிற பொருளோடு சேர்ந்த சொல் மறக்காது.

கைட், பொலைட், இன்வைட் எல்லாம் ஐ-டி-இ என்று முடிபவை. எது எந்தக் கூட்டம் என்று காதை வைத்துக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. அதனால் முதல் வாரம் இரண்டையும் கலக்காதீர்கள். கலந்தால் இரண்டுமே குழம்பும்.

மூன்றாம் படி: துண்டுக்கு முன் ‘இ’ வந்தால்

உச்சரிப்பு ‘எய்ட்’ ஆகிவிடும்: எட்டைக் குறிக்கும் எய்ட், எடையைக் குறிக்கும் வெயிட், சரக்கைக் குறிக்கும் ஃப்ரெய்ட். அடங்காத சொல் ‘ஹைட்’. எழுத்து இ-ஐ-ஜி-எச்-டி, ஒலி மட்டும் ‘ஐட்’.

அதிகம் தவறுவதும் இந்த ஹைட்தான். லெங்த், விட்த், டெப்த் மூன்றும் டி-எச்-சில் முடிவதால் கை தானாக இதற்கும் டி-எச் போட்டுவிடும். பாம்பன் புதிய ரயில் பாலத்தை வைத்துப் பழக்குங்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளம். 17 மீட்டர் வரை மேலே ஏறும். நீளம் லெங்த், டி-எச். உயரம் ஹைட், எச்-டி. தூக்க உதவும் எதிர்எடை கவுண்டர்வெயிட், அதுவும் எச்-டி. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுத வையுங்கள்.

‘ஏ’ சேர்ந்து வரும் ஸ்ட்ரெய்ட்டில் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்குத் தனிச் சிக்கல் உண்டு. பாக் நீரிணையின் ஸ்ட்ரெய்ட் எஸ்-டி-ஆர்-ஏ-ஐ-டி; ஜி-எச் கிடையாது. நேர்கோட்டின் ஸ்ட்ரெய்ட்டில் ஜி-எச் உண்டு. ஒலி ஒன்றேதான். ஏலக்கூடத்தில் மீன் போடும் வெயிட்டுக்கும், பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் வெயிட்டுக்கும் இதே கதை. ஆகவே டிக்டேஷனில் ஒருபோதும் தனிச் சொல் கொடுக்காதீர்கள், முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். நாளுக்கு எட்டுச் சொல் போதும்.

நான்காம் படி: ‘ஐ’ போய் ‘யு’ வந்தால்

இறந்தகால வினைகள் இங்கே வரிசையாக நிற்கும்: காட், டாட், பாட், பிராட், தாட், ஃபாட். ஏ-யு-ஜி-எச்-டி-யா, ஓ-யு-ஜி-எச்-டி-யா? நிகழ்கால வினையைப் பாருங்கள். கேட்ச், டீச் இரண்டின் ஸ்பெல்லிங்கிலும் ‘ஏ’ இருக்கிறது, இறந்தகாலத்திலும் ‘ஏ’. பை, பிரிங், திங்க், ஃபைட் நான்கிலும் ‘ஏ’ இல்லை, ‘ஓ’ போடுங்கள். மீனை வாங்கினேன், மீனைக் கொண்டுவந்தேன் என்பதில் தடுமாறுகிறவர்கள் பிரிங்கில் இருக்கும் ‘ஆர்’ பிராட்டிலும் அப்படியே இருப்பதைப் பிடித்துக்கொள்ளட்டும். வாங்கியதற்கு ‘ஆர்’ இல்லை.

இதே எழுத்துகளோடு வந்து உச்சரிப்பில் விலகுபவை இரண்டு. வறட்சியைக் குறிப்பது ‘ட்ரவுட்’. ராமநாதபுரம் மாவட்டச் செய்தி படிக்கிறவருக்கு அடிக்கடி தேவைப்படும். ‘ஓ’ இருக்கும் இடத்தில் ‘ஏ’ போட்டால் ‘டிராஃப்ட்’. படகின் அடிப்பகுதி தண்ணீருக்குள் எத்தனை ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைச் சொல்வது. இங்கே ஜி-எச் ‘ஃப்’ என்று ஒலிக்கிறது. இது பிரிட்டிஷ் முறை. அமெரிக்க முறையில் டி-ஆர்-ஏ-எஃப்-டி என்றே எழுதுவார்கள். கப்பல், படகு வேலைக்குப் படிக்கப் போகிறவர்கள் இரண்டையும் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும்.