கூலி உயர்வு கேட்கும் முன் பார்க்க வேண்டியவை
கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகளில் பருவத்துக்கு மட்டும் வேலைக்குச் செல்வோர், குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தலாமா என்ற விவாதத்தில் இறங்கும் முன், இப்போதுள்ள ஊதியமே முழுதாகக் கைக்கு வருகிறதா என்று பார்ப்பது நல்லது. அரசு அறிவிக்கும் தொகையில் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் அடங்கும். விலைவாசிக் குறியீட்டெண்ணைப் பின்பற்றி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் அகவிலைப்படி மாறுவதால், பழைய அகவிலைப்படியிலேயே கணக்கு முடித்திருக்கிறார்களா என்று ஊதியச் சீட்டில் முதலில் தேடுங்கள். சீட்டே தராத இடமென்றால் (பல இடங்களில் அதுதான் வழக்கம்), வந்த நேரம், போன நேரம், பெற்ற தொகை ஆகியவற்றை அன்றன்றே நோட்டில் குறித்து வையுங்கள். குறைவிருந்தால் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். "கட்டுப்படியாகாது" என்று முதலாளி சொன்னால், சிறிய ஆலைகளில் அது பொய்யாக இராமலும் போகலாம். எனினும் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிப்பதில் முதலாளியின் கொடுக்கும் திறனைப் பார்க்க வேண்டியதில்லை என்று கேரளத்தின் கூரை ஓட்டுத் தொழில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-இலேயே கூறிவிட்டது.