டூயல் ரோல் யூஎஸ்பி: கெர்னல் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் வாய்க்கால் நீர்மட்டத்தையும் பம்புசெட் ஓடிய நேரத்தையும் பதிவு செய்ய லினக்ஸ் போர்டு வைக்கிறார்கள். போர்டில் யூஎஸ்பி போர்ட் ஒன்றே ஒன்று. கொட்டகையில் இருக்கும்வரை அதில் 4ஜி டாங்கிள் செருகியிருக்கும். அப்போது போர்டு ஹோஸ்ட், அதாவது செருகிய கருவியை இயக்கும் பக்கம். வாரம் ஒரு நாள் லேப்டாப்பைச் செருகிப் பதிவை எடுக்கும்போது அதே போர்ட் கேட்ஜெட்டாக, அதாவது லேப்டாப்பில் செருகப்பட்ட கருவியாக, மாற வேண்டும். இதற்குத்தான் டூயல் ரோல் கண்ட்ரோலர்.

ஆட்டம் கொடுக்கும் கனெக்டர், சார்ஜுக்கு மட்டுமான கேபிள் இவற்றை யாரும் தாங்களே கண்டுபிடித்துவிடலாம். ராக்சிப், குவால்காம் சிப்கள் பலவற்றில் இருக்கும் டிடபிள்யூசி3 கண்ட்ரோலரின் டிரைவரை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அமைக்கும்போது நடக்கும் தவறுகள் மட்டும் கீழே. பெயர்களை ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். கோப்பில் ஆங்கில எழுத்தில் இருக்கும்.

கேட்ஜெட்டை மாட்யூலாக விடுவது

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். புதிதாக வருகிறவர் ஒவ்வொருவரும் இதில் விழுகிறார்கள். ஒரு காலத்தில் எல்லோரும் விழுந்த குழிதான்.

கெர்னலில் எவை சேர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனு மெனுகான்ஃபிக். அதில் 'ஒய்' என்றால் கெர்னலுக்குள்ளேயே கட்டுவது, 'எம்' என்றால் பிறகு ஏற்றும் மாட்யூல். யூஎஸ்பி ஹோஸ்ட் 'ஒய்', டிடபிள்யூசி3 'ஒய்', யூஎஸ்பி கேட்ஜெட் 'எம்'. "மூணும் ஆன்லதானே இருக்கு?" என்று கேட்பார்கள். ஆன்தான். ஆனால் டூயல் ரோல் என்ற வரி தெரிய ஒரு நிபந்தனை உண்டு: ஹோஸ்ட், கேட்ஜெட் ஒவ்வொன்றும் 'ஒய்' ஆக இருக்க வேண்டும், அல்லது டிடபிள்யூசி3 எப்படியோ அப்படியே இருக்க வேண்டும். கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்ட டிரைவர், பிறகு ஏற்றப்போகும் மாட்யூலில் உள்ள ஃபங்ஷனை அழைக்க முடியாது, லிங்க் ஆகாது. அதனால் கேகான்ஃபிக் (இந்த மெனுவின் நிபந்தனைகளைப் பார்க்கும் அமைப்பு) அந்த வரியையே மெனுவிலிருந்து எடுத்துவிடுகிறது. எரர் வராது, எச்சரிக்கையும் வராது. தேர்வு 'ஹோஸ்ட் ஒன்லி'யில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கெர்னல் ஒழுங்காக பில்ட் ஆகும், பூட் ஆகும், டாங்கிள் வேலை செய்யும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. லேப்டாப்பைச் செருகினால்தான் எதுவும் நடக்காது. கேட்ஜெட் கண்ட்ரோலர்கள் (யூடிசி) தெரியும் சிஸ்/கிளாஸ்/யூடிசி அடைவைத் திறந்தால் காலி.

இதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்க மனம் பொறுக்காது. டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) போர்ட்டின் ரோலைச் சொல்லும் டிஆர்_மோட் மதிப்பை 'ஓடிஜி'யிலிருந்து (இரண்டு ரோலும்) 'பெரிஃபெரல்' (கேட்ஜெட் மட்டும்) ஆக்குகிறார்கள். கேபிள் மாறுகிறது. எந்த ரோல் என்று கேபிள் காட்டும் ஐடி பின்னில் சால்டரிங் அயர்ன் வைக்கிறார்கள். கடைசியில் புது போர்டு வாங்குகிறார்கள். தலைமடையில் ஷட்டரை இறக்கிவிட்டுக் கடைமடையில் மண்வெட்டியோடு நின்று என்ன பயன்? ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பது வழக்கம். தண்ணீர் வாய்க்காலுக்கு வருவதற்குள் கருவி இடத்தில் இருக்க வேண்டும். இந்த ஒரு எழுத்துக்காகக் குறுவைப் பதிவு முழுவதும் போய்விடுகிறது.

இத்தனைக்கும் கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்கில் டிரைவர் சொல்லியிருக்கும்: "கான்ஃபிகரேஷன் மிஸ்மேட்ச். டிஆர்_மோட் ஃபோர்ஸ்டு டு ஹோஸ்ட்." அதாவது அமைப்பு பொருந்தவில்லை, ஹோஸ்டாகவே ஆக்கப்பட்டது. பூட் வரியில் 'கொயட்' இருந்தால் திரையில் இது தெரியாது. டிமெஸ்கில் டிடபிள்யூசி3 என்று தேடுங்கள்.

சரிசெய்ய கேட்ஜெட்டை 'ஒய்' ஆக்குங்கள். இல்லையென்றால் டிடபிள்யூசி3-ஐயும் 'எம்' ஆக்குங்கள். பிறகு டிடபிள்யூசி3 மெனுவுக்குத் திரும்பிப் போய், இப்போது தெரியும் டூயல் ரோல் வரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். மெனுவின் தேர்வுகள் சேமிக்கப்படும் டாட்-கான்ஃபிக் கோப்பில் கையால் வரி சேர்க்க வேண்டாம். நிபந்தனை நிறைவேறாவிட்டால் அடுத்த மேக் ஓடும்போது அது சத்தமில்லாமல் அழிந்துவிடும். பில்ட் தொடங்குமுன் அந்தக் கோப்பில் டூயல் ரோல் வரி இருக்கிறதா என்று ஒரு க்ரெப் (சொல் தேடும் கட்டளை) போட்டுப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் மணிக்கணக்கில் ஓடும் பில்ட் மிச்சமாகும். ஐகேகான்ஃபிக்_ப்ராக் ஆனில் இருந்தால், ஓடும் கெர்னலிலேயே ப்ராக்/கான்ஃபிக்.ஜிஇசட் கோப்பை இசட்கேட் மூலம் படித்து உறுதி செய்துகொள்ளலாம்.

'ஓடிஜி' என்று எழுதினால் போதும் என்பது

இது நேர் எதிர்க் கோளாறு: லேப்டாப் வேலை செய்யும், டாங்கிள் செய்யாது. டிடபிள்யூசி3 கோர் 3.30ஏ முதலான பதிப்புகளிலும் யூஎஸ்பி 3.1 கோரிலும் ஓடிஜி முறை கிடையாது. டிவைஸ் ட்ரீயில் எக்ஸ்ட்கானோ (கேபிள் நிலையைத் தெரிவிக்கும் பகுதி) 'யூஎஸ்பி-ரோல்-ஸ்விட்ச்' பண்போ இல்லாவிட்டால், 'ஓடிஜி' என்று எழுதியிருந்தாலும் டிரைவர் அதைப் பெரிஃபெரலாகவே எடுத்துக்கொள்ளும்.

'யூஎஸ்பி-ரோல்-ஸ்விட்ச்' பண்பைச் சேருங்கள். சிக்னல் வராத நேரத்தில் ஹோஸ்டாக இருக்க வேண்டுமென்றால் 'ரோல்-ஸ்விட்ச்-டிஃபால்ட்-மோட்' மதிப்பை ஹோஸ்ட் ஆக்குங்கள். மாறச் சொல்லும் சிக்னல் எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுத வேண்டும்: டைப்-சி என்றால் அதன் போர்ட் கண்ட்ரோலர், மைக்ரோ-பி என்றால் ஐடி பின்னைப் படிக்கும் யூஎஸ்பி-கான்-ஜிபிஐஓ டிரைவர்.

கோளாறு எந்தப் பக்கம் என்று பிரிக்க, சிஸ்/கிளாஸ்/யூஎஸ்பி_ரோல் அடைவில் உள்ள ரோல் கோப்பில் கையால் 'ஹோஸ்ட்', பிறகு 'டிவைஸ்' (அதாவது கேட்ஜெட்) என்று எழுதுங்கள். கையால் மாறுகிறது, கேபிளால் மாறவில்லை என்றால் கண்ட்ரோலர் சரி; சிக்னல்தான் வரவில்லை. சேறும் ஈரமுமான கொட்டகையில் ஐடி பின் பச்சை பூத்திருப்பதும் உண்டு. அதையும் பாருங்கள்.

எக்ஸ்ஹெச்சிஐ-யை மறப்பது

டிடபிள்யூசி3-ன் ஹோஸ்ட் வேலையைச் செய்வது அதுதான். அது இல்லாமல் ரோல் மட்டும் மாறும், எந்தக் கருவியும் தெரியாது.

ஜி_சீரியலை 'ஒய்' ஆக விடுவது

ஜி_சீரியல் ஏற்கெனவே கட்டிவைத்த ஒரு கேட்ஜெட் டிரைவர். பூட் ஆனதுமே அது யூடிசியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கான்ஃபிக்எஃப்எஸ் வழியாக நீங்கள் கட்டும் கேட்ஜெட்டுக்கு "பிஸி" என்றுதான் பதில் வரும். எடுத்துவிடுங்கள்.

விபஸ் ரெகுலேட்டரில் 'ஆல்வேஸ்-ஆன்'

டாங்கிள் அடிக்கடி அறுந்துபோனால், டிவைஸ் ட்ரீயில் 'ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன்' சேர்த்து விபஸை (போர்ட்டின் 5 வோல்ட் மின்கம்பி) நிரந்தரமாக ஆன் செய்துவிடுகிறார்கள். டாங்கிள் நிற்கும். ஆனால் லேப்டாப்பைச் செருகும்போது போர்டின் 5 வோல்ட்டும் லேப்டாப்பின் 5 வோல்ட்டும் ஒரே கம்பியில் மோதும். இது மென்பொருள் கோளாறாக நிற்காது, போர்ட்டையே எரிக்கலாம். ரெகுலேட்டரை விபஸ்-சப்ளையாக இணைத்து, ரோல் மாறும்போது டிரைவரே திறந்து மூடும்படி விடுங்கள்.

இணைத்தபின் கேபிள் எதுவும் செருகாமல் ரோலை 'டிவைஸ்' ஆக்கி, மல்ட்டிமீட்டரை விபஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் வையுங்கள். சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். 5 வோல்ட் காட்டினால் லேப்டாப்பைச் செருகாதீர்கள்.