எம்ப்ராய்டரி மெஷினில் நூல் டென்ஷனைச் சரிசெய்வது: துணியின் மறுபக்கத்தைப் பார்த்துப் பழகுங்கள்

மருதமுனைக் கைத்தறிச் சாறியின் முந்தானையில் பூப் போட்டாலும் சரி, காத்தான்குடியில் அபாயாவின் கைக்கு வேலைப்பாடு செய்தாலும் சரி, புதிதாக மெஷின் வாங்கியவர்களுக்கு முதலில் வரும் தொல்லை நூல்தான். மேலே, அடியில் ஓடும் வெள்ளை நூல் புள்ளி புள்ளியாகத் தெரியும், அல்லது கீழே நூல் சுருண்டு சிக்கிக்கொள்ளும். உடனே கை டென்ஷன் குமிழுக்கு, அதாவது நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குப் போகும். அதைத் திருகுவதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

மேல் நூல் இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்தப்பட்டு வருகிறது. கீழ் நூல் சுற்றிய பொபின் இருக்கும் கூடுதான் பொபின் கேஸ், அதில் உள்ள சின்னத் தகடு கீழ் நூலை அழுத்துகிறது. சாதாரணத் தையலில் இரண்டும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ள வேண்டும். எம்ப்ராய்டரியில் அப்படி இல்லை, மேல் நூல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். அதனால் சரி பிழை தெரிவது துணியின் மறுபக்கத்தில்தான்.

முதலில் மேல் நூலை முழுவதும் கழற்றி, துணியை அழுத்தும் மெஷின் பாதத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு திரும்பக் கோர்த்துவிடுங்கள். பாதம் கீழே இருந்தால் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே போகாது. கீழே நூல் கூடு கட்டுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஊசியையும் மாற்றுங்கள், 40ஆம் இலக்க நூலுக்கு 75/11 ஊசி பொருந்தும்.

அப்புறம் பொபின் கேஸைக் கழற்றித் தகட்டுக்கு அடியில் உள்ள தும்பை எடுங்கள். ஒரு துளி தும்பு அங்கே இருந்தாலும் தகடு சரியாக அழுத்தாது. நம் பக்கத்தில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தூசியும் சேர்ந்துகொள்ளும், வேலை முடிந்ததும் மெஷினை மூடி வையுங்கள்.

இனிச் சோதனைத் தையல். வேலை செய்யப்போகும் துணியில் ஒரு துண்டை, துணி சுருங்காமல் இருக்க வேலையின்போது அடியில் வைக்கும் அதே பேப்பரையும் வைத்து, வளையத்தில் இறுக்கமாகப் பூட்டுங்கள். மேலே கடும் நிற நூல், பொபினில் வெள்ளை நூல். 4 மில்லிமீற்றர் அகலம், 2 சென்றிமீற்றர் நீளத்தில் நெருக்கமான பட்டைத் தையல் ஒன்று போடுங்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை, இரண்டு பக்கமும் மேல் நூலின் நிறம் என்று இருந்தால் நல்லது, எதையும் தொடாதீர்கள்.

வெள்ளை அதிகமாகப் பரவியிருந்தால், அல்லது மேல்பக்கமே வெள்ளை எட்டிப் பார்த்தால், மேல் நூல் இறுக்கம் அல்லது கீழ் நூல் தளர்வு. வெள்ளையே தெரியாவிட்டால் அதற்கு நேர்மாறு.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க, பொபினிலிருந்து தொடங்குங்கள். உலோக பொபின் கேஸ் உள்ள மெஷின் என்றால், நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தன் பாரத்தால் அது இறங்கக் கூடாது. கையை மெல்லச் சுண்டினால் சில சென்றிமீற்றர் இறங்கி நிற்க வேண்டும். ஓடி இறங்கினால் தளர்வு, அசையாமல் நின்றால் இறுக்கம். கேஸில் இரண்டு திருகாணி இருந்தால் பெரியதுதான் டென்ஷனுக்கு உரியது, சின்னது தகட்டைப் பிடித்திருப்பது. முதலில் இப்போதுள்ள நிலையைப் பேனையால் அடையாளமிடுங்கள். பிறகு மணிக்கூட்டு முள் ஐந்து நிமிடம் நகரும் அளவுக்குத்தான் திருப்ப வேண்டும். வலப்பக்கம் இறுக்கம், இடப்பக்கம் தளர்வு. மேலிருந்து பொபின் போடும் வீட்டு மெஷின்களில் கேஸைத் தொடாமல் மேல் குமிழிலேயே சரிசெய்வதுதான் நல்லது என்பேன்.

கீழே சரியான பிறகே மேல் குமிழ். இலக்கம் உள்ள குமிழில் அரை இலக்கம் மாற்றி, திரும்பப் பட்டைத் தையல் போட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டையும் சேர்த்துத் திருகினால் எது பிழை என்றே தெரியாமல் போய்விடும். பல ஊசி மெஷினில் ஒவ்வொரு ஊசிக்கும் தனிக் குமிழ் இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை போட வேண்டும். நேரம் எடுக்கும், ஆனாலும் செய்யுங்கள். வாடிக்கையாளர் தந்த சாறியில் பரிசோதனை செய்யக் கூடாது.

அபாயாக்களுக்குக் கேட்கும் தங்க, வெள்ளி ஜரிகை நூல் தனி விஷயம். அது முறுகும், அறும். மேல் டென்ஷனை நன்றாகக் குறைத்து, வேகத்தையும் குறைத்து, கண் பெரிதான 90/14 ஊசி போடுங்கள். தொடங்கும் முன் குமிழ் எந்த இலக்கத்தில் இருந்தது என்று கொப்பியில் எழுதிவிடுங்கள். ஜரிகை வேலை முடிந்ததும் குமிழை அந்த இலக்கத்துக்கே கொண்டுவந்து, ஊசியையும் மாற்றிய பிறகே சாதாரண நூலைக் கோர்க்க வேண்டும்.